ஸ்காண்டிநேவியாவில் சம்பளத்துடன் ஆய்வு: முனைவர், முதுமுனைவர் பணியிடங்களுக்கு விண்ணப்பிக்கும் முறை

ஸ்வீடன், நார்வே, டென்மார்க் ஆகிய மூன்று நாடுகளிலும் முனைவர் பட்ட ஆய்வு என்பது ஒரு வேலை. பல்கலைக்கழகம் காலிப் பணியிடத்தை விளம்பரம் செய்கிறது, தகுதியுள்ளோர் விண்ணப்பிக்கிறார்கள், தேர்வானவர் நியமன ஆணை பெற்று, மாதச் சம்பளம் வாங்கி, வரி கட்டி, ஆண்டு விடுப்பும் எடுத்துக்கொண்டு ஆய்வை முடித்துப் பட்டம் பெறுகிறார். கல்விக் கட்டணம் கிடையாது. நம் ஊரில் முதலில் ஒரு நெறியாளரைக் கண்டுபிடித்து, பதிவு செய்துகொண்டு, அதன் பிறகு உதவித்தொகைக்கு அலைவதே வழக்கமாக இருப்பதால், இந்த அடிப்படை வேறுபாட்டை மனத்தில் வாங்காமலே பலர் விண்ணப்பிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். சில ஆண்டுகளாக மாணவர்களின் விண்ணப்பங்களைப் படித்துத் திருத்திக் கொடுத்து வருகிறேன். நல்ல மதிப்பெண்ணும் உழைப்பும் இருந்தும் நிராகரிக்கப்பட்டவற்றில் பெரும்பாலானவை, கல்லூரியில் சேர இடம் கேட்பதுபோல எழுதப்பட்டவை. அவற்றை வேலைக்கான விண்ணப்பமாக எழுதுவது எப்படி என்பதைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

முதற்படி: மூன்று நாடுகளின் நடைமுறையையும் தெரிந்துகொள்ளுதல்

ஸ்வீடனில் முனைவர் படிப்பு நான்கு ஆண்டு முழுநேர ஆய்வு, அதாவது 240 கிரெடிட் (ஓர் ஆண்டு முழுநேரப் படிப்புக்கு 60 கிரெடிட் என்பது கணக்கு). அதோடு வேலை நேரத்தில் 20 விழுக்காடு வரை பாடம் நடத்துதல் போன்ற துறைப் பணிகளைத் தரலாம். அப்படித் தந்தால் மொத்தக் காலம் ஐந்து ஆண்டாக நீளும். மாதச் சம்பளம் வரிக்கு முன் 30,000 குரோனாவுக்கு மேல் தொடங்கி, ஆய்வு முன்னேற முன்னேற உயரும். நார்வேயில் இந்தப் பணிக்கு 'ஸ்டிபென்டியாட்' என்று பெயர். பெயரில் உதவித்தொகையின் சாயல் இருந்தாலும் அது ஆண்டுக்கு ஐந்து லட்சம் நார்வே குரோனருக்கு மேல் தரும் முழுச் சம்பள வேலைதான். அதில் 2 விழுக்காடு அரசு ஓய்வூதிய நிதிக்குப் பிடிக்கப்படும். காலம் மூன்று ஆண்டு. துறைப் பணி 25 விழுக்காடு சேர்ந்தால் நான்கு ஆண்டு. டென்மார்க்கில் மூன்றே ஆண்டு, 180 கிரெடிட். பாடங்கள், கற்பித்தல், வேறொரு ஆய்வு நிறுவனத்தில் சில காலம் தங்கிப் பணியாற்றுதல் எல்லாம் அந்த மூன்றுக்குள்ளேயே அடங்க வேண்டும். ஆகவே டென்மார்க் பணியிடத்திற்கு வருபவரிடம் வந்த நாள் முதல் வேலையைத் தொடங்கும் ஆயத்தத்தை எதிர்பார்ப்பார்கள். ஸ்வீடனில் கற்றுக்கொள்ளச் சற்றுக் கூடுதல் அவகாசம் உண்டு.

பின்லாந்தையும் பலர் இவற்றோடு சேர்த்துப் பேசுகிறார்கள். அங்கே படிப்பதற்கான அனுமதியும் அதற்கான நிதியும் பல நேரங்களில் தனித்தனியாக வருபவை என்பதால், இந்தக் கட்டுரையில் அதைத் தொடவில்லை.

இரண்டாம் படி: அடிப்படைத் தகுதி உண்டா என்று பார்த்தல்

ஸ்வீடன் சட்டப்படி முதுநிலைப் பட்டம் வேண்டும். அல்லது மொத்தம் 240 கிரெடிட் படித்து, அவற்றுள் குறைந்தது 60 முதுநிலைத் தரத்தில் இருக்க வேண்டும். நம் பி.எஸ்ஸி. மூன்றாண்டும் எம்.எஸ்ஸி. இரண்டாண்டும் சேர்ந்தால் இதில் சிக்கல் இல்லை, பி.இ. முடித்து எம்.இ. அல்லது எம்.டெக். படித்தவர்களுக்கும் இல்லை. நான்காண்டு பி.இ. மட்டும் வைத்திருப்பவர்களும், இலங்கையில் நான்காண்டுச் சிறப்புப் பட்டம் மட்டும் பெற்றவர்களும் பொதுவாக இந்த 60 கிரெடிட்டில்தான் தடுக்கி நிற்கிறார்கள். மதிப்பெண் எவ்வளவு உயர்வாக இருந்தாலும் அடிப்படைத் தகுதி இல்லையேல் விண்ணப்பம் துறைப் பேராசிரியரின் பார்வைக்கே போகாது என்பதால், முதுநிலைப் பட்டம் ஒன்றை முடித்த பிறகு முயல்வதே காலத்தை மிச்சப்படுத்தும்.

நார்வேயில் தாண்ட வேண்டிய இன்னொரு வாசலும் இருக்கிறது. பல பல்கலைக்கழகங்கள் முதுநிலையில் சராசரியாக 'பி' தரம் அல்லது அதற்கு மேல் கேட்கின்றன. முதுநிலை ஆய்வேட்டையும் தனியாக எடுத்துப் படிக்கின்றன. ஆய்வேடு எழுதாமல் பாடத் தேர்வுகள் மட்டுமே எழுதி எம்.எஸ்ஸி. முடித்தவர்களுக்கு அங்கே இடர்ப்பாடு வரும். இப்போது முதுநிலை முதலாண்டில் இருப்பவர்கள், கடைசிப் பருவத்தின் புராஜெக்ட்டைச் சடங்காக முடிக்காமல், அதையே தங்கள் எதிர்கால விண்ணப்பத்தின் முதுகெலும்பாகக் கருதிச் செய்ய வேண்டும் என்று வலியுறுத்திச் சொல்வேன்.

மூன்றாம் படி: விளம்பரங்களைத் தேடுதல்

ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் இணையதளத்திலும் காலிப் பணியிடப் பக்கம் இருக்கிறது. அதுவே முதல் ஆதாரம். ஸ்வீடனில் பல பல்கலைக்கழகங்கள் 'வார்பி' என்ற மென்பொருள் வழியாக விண்ணப்பம் பெறுகின்றன. நார்வேயின் பணியிடங்கள் 'ஜாப்நார்ஜ்' தளத்தில் ஒரே இடத்தில் கிடைக்கும். டென்மார்க்கிற்கு அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் பக்கத்தைப் பார்ப்பதே நல்லது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 'யூராக்ஸஸ்' தளத்தில் மூன்று நாடுகளின் விளம்பரங்களும் வருகின்றன. உப்சாலா, லுண்ட், கரோலின்ஸ்கா, சால்மர்ஸ், ஓஸ்லோ, கோபன்ஹேகன் போன்ற பெயர்களையே எல்லாரும் தேடுகிறார்கள். ஊமியோ, லின்ஷோப்பிங், பெர்கன், ட்ரொம்சோ, ஓல்போர்க் ஆகிய இடங்களிலும் அதே சம்பளக் கட்டமைப்பும் அதே உரிமைகளும் உண்டு.

பெரிய நிதித் திட்டங்களின் பெயர்களையும் தெரிந்து வைத்திருப்பது உதவும். ஸ்வீடனின் வாலன்பெர்க் அறக்கட்டளை நிதியில் நடக்கும் 'வாஸ்ப்' திட்டம் செயற்கை நுண்ணறிவிலும் தானியங்கி அமைப்புகளிலும் முனைவர் பணியிடங்களைத் தொடர்ந்து அறிவிக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி ஸ்க்வொடோவ்ஸ்கா-கியூரி முனைவர் வலையமைப்புகளும் இந்நாடுகளில் பணியிடங்களைத் தருகின்றன. இவற்றில் ஒரு விதி நமக்குச் சாதகமானது: பணியில் சேருவதற்கு முந்தைய 36 மாதங்களில், அந்த நாட்டில் 12 மாதங்களுக்கு மேல் வசித்திருக்கவோ வேலை பார்த்திருக்கவோ கூடாது. இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ நேரடியாக விண்ணப்பிப்பவர் இதை எளிதாக நிறைவு செய்துவிடுவார். அண்மையில் ஸ்வீடனில் இரண்டாண்டு முதுநிலை படித்தவர் ஸ்வீடனில் உள்ள இடத்திற்கு முயல முடியாது, டென்மார்க்கிற்கு முயலலாம்.

பல விளம்பரங்கள் மூன்று அல்லது நான்கு வாரங்களே திறந்திருக்கும் என்பதால் வாரம் ஒருமுறை பார்க்கும் பழக்கம் வேண்டும். ஸ்வீடனில் ஜூலை மாதம் ஏறக்குறைய நாடே விடுமுறையில் இருக்கும். அப்போது அனுப்பிய மின்னஞ்சலுக்குப் பதில் வரவில்லை என்று மனம் தளர வேண்டாம்.

இங்கேயே ஒரு தவறான பழக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். விளம்பரத்தைத் தேடாமல், இணையத்தில் கிடைத்த நூறு பேராசிரியர்களுக்கு ஒரே மின்னஞ்சலை அனுப்புவது முனைவர் பணியிடத்தைப் பொறுத்தவரை ஏறக்குறைய பயனற்ற வேலை. பேராசிரியர் விரும்பினாலும் விளம்பரம் செய்யாமல் ஒருவரை நியமிப்பது அவருக்குப் பெரும்பாலும் இயலாது. 'மதிப்பிற்குரிய ஐயா' என்று தொடங்கும் கடிதம் ஒரு பெண் பேராசிரியரின் கையில் கிடைப்பதும் அடிக்கடி நடக்கிறது. விளம்பரத்தில் தெளிவில்லாத ஒன்றைப் பற்றி, அதில் குறிப்பிட்டுள்ள தொடர்பாளருக்கு நான்கு வரியில் கேள்வி எழுதுவது வேறு; அதை வரவேற்பார்கள். அங்கே பேராசிரியரையும் பெயர் சொல்லியே அழைப்பது வழக்கம் என்பதால், முதற்பெயரிட்டு எழுதுவது மரியாதைக் குறைவாகாது.

நான்காம் படி: விளம்பரத்தை வரிக்கு வரி படித்தல்

இந்த வேலைக்கு ஒரு முழு மாலையை ஒதுக்குங்கள். விளம்பரத்தில் 'கட்டாயத் தகுதி', 'கூடுதல் தகுதி' என்று இரண்டு பகுதிகள் இருக்கும். தேர்வுக் குழு இந்த இரண்டையும் வைத்துக்கொண்டுதான் விண்ணப்பங்களை மதிப்பிடுகிறது. விளம்பரத்தில் இல்லாத ஓர் அளவுகோலைத் திடீரென்று கொண்டுவருவது அவர்களுக்கே சிக்கல். ஆகவே ஒரு தாளை இரண்டாகப் பிரித்து, இடப்பக்கம் விளம்பரம் கேட்பவற்றை ஒவ்வொன்றாக எழுதி, வலப்பக்கம் உங்களிடம் அதற்கு என்ன சான்று இருக்கிறது என்று எழுதிப் பாருங்கள்.

எடுத்துக்காட்டாக, ஏரிப் படிவுகளில் உள்ள நுண்நெகிழிகளைப் பற்றிய ஒரு பணியிடம் என்று வைத்துக்கொள்வோம். வேதியியல் அல்லது சுற்றுச்சூழல் அறிவியலில் முதுநிலைப் பட்டமும், பேச்சிலும் எழுத்திலும் நல்ல ஆங்கிலமும் கட்டாயம். நிறமாலைக் கருவிகளில் பயிற்சி, 'ஆர்' மென்பொருளில் தரவு ஆய்வு, களப்பணி அனுபவம், கார் ஓட்டும் உரிமம் ஆகியவை கூடுதல் தகுதிகள். ஓட்டுநர் உரிமத்தை நம்மவர்கள் பொருட்படுத்தாமல் விட்டுவிடுகிறார்கள். ஆள் நடமாட்டமில்லாத ஏரிக்கரைக்குக் கருவிகளை ஏற்றிக்கொண்டு போக வேண்டியவர்களுக்கு அது உண்மையான தேவை, இருந்தால் எழுதுங்கள். வலப்பக்கம் கட்டாயத் தகுதிகள் அனைத்தும் நிரம்பி, கூடுதல் தகுதிகளில் பாதியாவது நிரம்பினால் தயங்காமல் விண்ணப்பிக்கலாம். கட்டாயத் தகுதியில் ஒன்று குறைந்தாலும் அந்த விளம்பரத்தை விட்டுவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.

இலக்கியம், வரலாறு போன்ற கலைப்புலத் துறைகளிலும் சமூக அறிவியல் துறைகளிலும் நடைமுறை மாறும். அங்கே பெரும்பாலும் நீங்களே ஆய்வுத் திட்டம் எழுதித் தர வேண்டும். ஸ்வீடனில் பல துறைகள் ஆண்டுக்கு ஒரு முறைதான் அறிவிக்கும். திட்டம் எவ்வளவு சிறப்பாக இருந்தாலும், அந்தத் துறையில் அதை வழிநடத்தக்கூடிய ஒருவர் இல்லாவிட்டால் தேர்வாகாது. எனவே துறையினரின் அண்மைக் கட்டுரைகளைப் படித்துவிட்டுத் திட்டத்தை எழுதுங்கள்.

ஐந்தாம் படி: கடிதம்

விண்ணப்பத்தின் விதியைத் தீர்மானிப்பது பெரும்பாலும் ஒன்று அல்லது ஒன்றரைப் பக்கக் கடிதம்தான். என்னிடம் வரும் முதல் வரைவுகளின் தொடக்கம் ஏறத்தாழ இப்படி இருக்கும்: 'தங்கள் உலகப் புகழ்பெற்ற பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்வது என் சிறுவயதுக் கனவு. நான் கடின உழைப்பாளி; எதையும் விரைவில் கற்றுக்கொள்வேன். இந்த வாய்ப்பை எனக்கு அளித்தால் என் முழு ஆற்றலையும் தருவேன்.' எழுதியவரின் மனம் இதில் உண்மையானதுதான். ஆனால் இதே வரிகளை எந்தத் துறையிலும் எந்த நாட்டிற்கும் அனுப்பலாம் என்பதால், படிப்பவருக்கு இவரைப் பற்றி ஒன்றுமே தெரிவதில்லை.

இப்படித் தொடங்கிய ஒரு மாணவி இரண்டு வாரம் கழித்துத் திருத்தி எழுதிய தொடக்கத்தின் சாரம் இது: 'என் முதுநிலை ஆய்வேட்டிற்காகப் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தில் ஆறு இடங்களில் படிவு மாதிரிகள் எடுத்து, அவற்றிலிருந்த நெகிழித் துகள்களை உப்புக் கரைசலில் மிதக்கவிட்டுப் பிரித்து, அகச்சிவப்பு நிறமாலை கொண்டு அடையாளம் கண்டேன். முதல் சுற்றில், எந்தப் படிவும் சேர்க்காத வெற்று மாதிரியிலேயே இழைகள் தென்பட்டன. அவை எங்கள் செயற்கை இழை உடைகளிலிருந்து உதிர்ந்தவை என்று கண்டறிந்து, அனைவரும் பருத்தி மேலங்கிக்கு மாறி, முழுச் சுற்றையும் மீண்டும் செய்தோம். உங்கள் விளம்பரத்தில் தரக்கட்டுப்பாட்டைத் தனியாகக் குறிப்பிட்டிருப்பதைப் பார்த்ததும் அந்த மூன்று வாரங்களே நினைவுக்கு வந்தன.' இதில் பெருமைச் சொல் ஒன்றும் இல்லை. தவறு நேர்ந்ததை ஒளிக்காமல், அதைக் கண்டுபிடித்த விதத்தையும் சொல்லியிருப்பதால், இவரோடு நான்கு ஆண்டு ஓர் ஆய்வகத்தில் வேலை பார்க்கலாம் என்ற நம்பிக்கை படிப்பவருக்கு வருகிறது.

கடிதத்தின் நடுப்பகுதியில், நீங்கள் தாளில் எழுதிய சான்றுகளில் முக்கியமான மூன்று நான்கை விளம்பரத்தின் வரிசையிலேயே சொல்லுங்கள். இறுதியில், இந்தக் குறிப்பிட்ட திட்டத்தில் உங்களை ஈர்த்த கேள்வி எது என்று இரண்டு வரி, பணியில் சேரக்கூடிய தேதி ஒரு வரி. அவ்வளவு போதும்.

ஆறாம் படி: மற்ற ஆவணங்கள்

தன்விவரக் குறிப்பு முனைவர் பணிக்கு இரண்டு பக்கத்தில் அடங்கலாம். தந்தை பெயர், மதம், சாதி, திருமண நிலை, நிழற்படம், 'மேற்கண்ட விவரங்கள் யாவும் உண்மை என உறுதி அளிக்கிறேன்' என்ற வாசகம், அதன் கீழ் இடமும் நாளும் கையொப்பமும் எல்லாவற்றையும் நீக்கிவிடுங்கள். ஆதார் எண்ணை எங்கும் எழுத வேண்டாம். ஸ்வீடனின் வெளிப்படைத்தன்மைச் சட்டப்படி, அரசுப் பல்கலைக்கழகத்திற்கு வந்த விண்ணப்பம் பொது ஆவணமாகிவிடுகிறது. கேட்பவருக்கு அதைத் தர வேண்டியிருக்கும். நார்வேயில் விண்ணப்பதாரர் பட்டியல் வெளியிடப்படலாம். பெயரை மறைக்கும்படி நீங்கள் கேட்டாலும் சில நேரம் அது ஏற்கப்படாது. இப்போதைய மேலாளருக்குத் தெரியாமல் விண்ணப்பிப்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

பட்டச் சான்றிதழும் எல்லாப் பருவங்களின் மதிப்பெண் பட்டியலும் ஆங்கிலத்தில் தேவை; தரப்புள்ளி எந்த அளவுகோலில் கணக்கிடப்பட்டது என்ற விளக்கம் பட்டியலின் பின்பக்கத்தில் அச்சாகியிருந்தால் அந்தப் பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். பலர் முன்பக்கத்தை மட்டும் அனுப்பிவிட்டு, 8.1 என்பது பத்துக்கா வேறெதற்கா என்று குழு யோசிக்கும்படி விட்டுவிடுகிறார்கள். தரப்புள்ளியை நீங்களே அவர்கள் நாட்டுத் தரத்திற்கு மாற்றி எழுத வேண்டியதில்லை. ஆய்வேட்டை முழுமையாகப் பி.டி.எஃப். கோப்பாக இணையுங்கள். ஐ.இ.எல்.டி.எஸ். போன்ற ஆங்கிலத் தேர்வு எல்லா விளம்பரங்களிலும் கேட்கப்படுவதில்லை; கேட்டால் மட்டும் பணம் கட்டி எழுதுங்கள்.

பரிந்துரையாளர் விஷயம் சற்று நுணுக்கமானது. நம் ஊரில் மாணவரே கடிதத்தை எழுதிக்கொண்டு போய்ப் பேராசிரியரிடம் கையொப்பம் வாங்குவது பல இடங்களில் நடக்கிறது. ஸ்காண்டிநேவியாவில் பெரும்பாலும் கடிதத்தைவிடப் பரிந்துரையாளரின் பெயர், மின்னஞ்சல், தொலைபேசி எண் ஆகியவற்றைத்தான் கேட்பார்கள். நேர்காணல் முடிந்த பிறகு உண்மையிலேயே கூப்பிட்டுப் பேசுவார்கள். 'குழுவாக வேலை செய்யும்போது எப்படி நடந்துகொள்வார், சிக்கல் வந்தால் யாரிடம் போவார்' என்று கேட்கும்போது, துறைத் தலைவர் என்பதற்காகப் பெயர் போடப்பட்ட, உங்களை முகமறியாத ஒருவர் என்ன சொல்வார்? பதவி சிறிதானாலும், ஆய்வகத்தில் உங்களை அன்றாடம் பார்த்தவரின் பெயரைக் கொடுங்கள். வெளிநாட்டு எண்ணிலிருந்து அழைப்பு வரக்கூடும் என்று அவரிடம் முன்கூட்டியே சொல்லி, உங்கள் கடிதத்தின் ஒரு பிரதியையும் அவருக்கு அனுப்பிவையுங்கள்.

ஏழாம் படி: சமர்ப்பித்தல்

பல்கலைக்கழகப் பணியிடத்திற்கு விண்ணப்பிக்கக் கட்டணம் எதுவும் இல்லை. ஸ்வீடனில் முதுநிலைப் படிப்புகளுக்கு விண்ணப்பிக்கும் வெளிநாட்டினரிடம் 900 குரோனா வாங்குவது வேறு விஷயம். அதைக் காட்டி, முனைவர் பணிக்கும் கட்டணம் உண்டு என்று எந்த முகவராவது சொன்னால் நம்ப வேண்டாம். கடைசி நேரம் பெரும்பாலும் அந்நாட்டு நேரப்படி இரவு 11.59. கோடையில் அது நமக்கு மறுநாள் அதிகாலை 3.29, குளிர்காலத்தில் 4.29. அந்த நேரத்தில் கோப்புகளை ஏற்றிக்கொண்டிருக்கும் நிலைக்கு உங்களைத் தள்ளிக்கொள்ளாமல், இரண்டு நாள் முன்பே அனுப்பிவிடுங்கள். கேட்ட ஆவணங்களில் ஒன்று குறைந்தாலும் விண்ணப்பம் மதிப்பிடப்படாமல் போகலாம் என்று நார்வே விளம்பரங்களில் வெளிப்படையாகவே எழுதியிருப்பார்கள்.

எட்டாம் படி: நேர்காணல்

அழைப்பு வரச் சில வாரங்களும் ஆகலாம், இரண்டு மூன்று மாதங்களும் ஆகலாம். நேர்காணல் இணையவழியில் அரை மணி முதல் ஒரு மணி நேரம் நடக்கும். பல இடங்களில் முதல் பத்து நிமிடம் உங்கள் ஆய்வேட்டைப் பற்றிப் பேசச் சொல்வார்கள். பத்து நிமிடத்திற்கு எட்டு சிலைடுகளே அதிகம். நான் பயிற்சி கொடுத்த ஒரு மாணவர் முதல் ஒத்திகைக்கு முப்பத்திரண்டு சிலைடுகளோடு வந்தார். ஆறு நிமிடம் முன்னுரையிலேயே போயிற்று. அவருடைய சொந்த அளவீடுகள் இருந்த இருபத்தாறாவது சிலைடை முதலில் போடச் சொன்னேன். அதிலிருந்து பின்னோக்கி, இந்த வரைபடத்தைப் புரிந்துகொள்ள எது தேவையோ அதை மட்டும் வைத்துக்கொண்டபோது ஏழு சிலைடுகள் மிஞ்சின. பேச்சும் அவருடைய பேச்சாக மாறியது.

'அந்த ஆய்வை மீண்டும் செய்தால் எதை மாற்றுவீர்கள்?' என்ற கேள்வி ஏறக்குறைய உறுதியாக வரும். 'எதுவும் மாற்ற மாட்டேன்' என்பது பணிவும் ஆகாது, தன்னம்பிக்கையும் ஆகாது. சிந்திக்கவில்லை என்றே பொருள்படும். தெரியாத கேள்விக்குத் தெரியாது என்று சொல்லி, எப்படித் தெரிந்துகொள்வேன் என்று ஒரு வரி சேர்ப்பது அங்கே முழு மதிப்பெண் பெறும் விடை. குழுவில் மூத்தவர் சொன்ன கருத்தை மறுக்கவும் தயங்க வேண்டாம். காரணத்தோடு மறுப்பவரைத்தான் அவர்கள் தேடுகிறார்கள். நீங்களும் கேட்க வேண்டும்: மேற்பார்வைச் சந்திப்பு எத்தனை நாளுக்கு ஒருமுறை, துறைப் பணி எத்தனை விழுக்காடு, குழுவில் இப்போது எத்தனை பேர் இருக்கிறார்கள், அவர்களில் ஒருவரோடு தனியாகப் பேச முடியுமா. இந்தக் கடைசிக் கேள்வியை எவரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. அந்த உரையாடலில்தான் ஆய்வகத்தின் உண்மையான நிலை தெரியும் என்பதால், இதைக் கட்டாயம் கேளுங்கள் என்று அனைவரிடமும் சொல்லி வருகிறேன்.

தேர்வாகாவிட்டால்

ஒரு நல்ல பணியிடத்திற்குப் பெருந்தொகையானோர் போட்டியிடுவதால், பல மறுப்புகளுக்குப் பிறகே பலருக்கு இடம் கிடைக்கிறது. ஸ்வீடனின் வெளிப்படைத்தன்மைச் சட்டம் இங்கே நமக்குக் கைகொடுக்கிறது. பல்கலைக்கழகத்தின் பதிவாளர் அலுவலகத்திற்கு விளம்பரத்தின் குறிப்பு எண்ணைச் சுட்டி எழுதி, தேர்வானவரின் விண்ணப்பத்தைப் பார்க்க விரும்புவதாகக் கேட்கலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. மறைக்க வேண்டிய தனிப்பட்ட விவரம் ஏதேனும் இருந்தால் அதை நீக்கிவிட்டுத் தருவார்கள். வெற்றி பெற்ற ஒரு கடிதத்தை உங்கள் கடிதத்தின் பக்கத்தில் வைத்துப் படிப்பது, எந்த மாதிரிக் கடிதமும் தராத பாடம். யாருக்கும் தீங்கில்லாத, சட்டம் தந்த உரிமை இது. கூச்சப்பட்டு விட்டுவிட வேண்டாம்.

முதுமுனைவர் பணியிடங்கள்

முனைவர் பட்டம் முடித்தவர்களுக்கும் மேற்சொன்ன பெரும்பாலானவை பொருந்தும்; வேறுபடுபவற்றை மட்டும் சொல்கிறேன். ஸ்வீடனில் 'போஸ்ட்டாக்' பணி, தொழிற்சங்கங்களும் பணி தருவோர் தரப்பும் செய்துகொண்ட கூட்டு ஒப்பந்தப்படி குறைந்தது இரண்டு ஆண்டு, அதிகபட்சம் மூன்று ஆண்டு. விண்ணப்பக் கடைசி நாளுக்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்குள் பட்டம் பெற்றவர்களுக்கே முன்னுரிமை; மகப்பேறு விடுப்பு, நோய் போன்ற காரணங்கள் இருந்தால் அந்தக் காலத்தைக் கழித்துக் கணக்கிடுவார்கள், ஆனால் அதை நீங்கள்தான் கடிதத்தில் எழுத வேண்டும். நார்வேயில் இரண்டு முதல் நான்கு ஆண்டு.

நம் நாட்டவரைக் குழப்புவது பட்டம் பெற்ற தேதி. ஆய்வேடு சமர்ப்பித்த நாள், வாய்மொழித் தேர்வு நாள், தற்காலிகச் சான்றிதழ் நாள், பட்டமளிப்பு விழா நாள் என்று நான்கு தேதிகள் நம்மிடம் இருக்கின்றன. முதலாவதற்கும் கடைசிக்கும் இடையே ஓராண்டுக்கு மேல்கூட ஓடிவிடும். ஸ்வீடனில் பொதுவாக விண்ணப்பிக்கும் நாளில் பட்டம் கையில் இருக்க வேண்டியதில்லை. நியமன முடிவு எடுக்கும் நாளில் இருக்க வேண்டும். ஆகவே ஆய்வேட்டைச் சமர்ப்பித்தவுடனே விண்ணப்பிக்கத் தொடங்கலாம். நான்கு தேதிகளையும் தன்விவரக் குறிப்பில் தெளிவாக எழுதுங்கள். வாய்மொழித் தேர்வு முடிந்த வாரமே தற்காலிகச் சான்றிதழுக்கு மனுக் கொடுங்கள்.

பேராசிரியருக்கு நேரடியாக எழுதுவது முனைவர் பணிக்குப் பயனற்றது என்றேன். முதுமுனைவர் நிலையில் அது பயன் தரும். காரணம், நீங்களே நிதிக்கு விண்ணப்பிக்கும் வழி இங்கே திறந்திருக்கிறது. மேரி கியூரி முதுமுனைவர் ஆய்வு நல்கைக்கான கடைசி நாள் வழக்கமாகச் செப்டம்பரில் வரும். முனைவர் பட்டம் பெற்று எட்டு ஆண்டுக்குள் இருப்பவர்கள், ஐரோப்பாவில் ஒரு பேராசிரியரோடு சேர்ந்து திட்டத்தை எழுதி விண்ணப்பிக்க வேண்டும். மேலே சொன்ன 12 மாத விதி இதற்கும் உண்டு. ஆகஸ்டில் பேராசிரியரைத் தேடத் தொடங்கினால் காலம் கடந்துவிட்டது என்று பொருள். பிப்ரவரி, மார்ச் மாதங்களிலேயே, அவருடைய அண்மைக் கட்டுரை ஒன்றிலிருந்து எழும் கேள்வியையும், அதற்கு உங்கள் கைத்திறன் எப்படி உதவும் என்பதையும் ஒரு பக்கத்தில் எழுதி அனுப்புங்கள். அப்படி எழுதுவதற்கு ஒருவருக்கு இரண்டு நாளாவது ஆகும் என்பதால், ஐந்து பேருக்கு மேல் எழுத முடியாது, ஐந்து போதும்.

சில அறக்கட்டளைகள் முதுமுனைவர் ஆய்வாளருக்குச் சம்பளத்திற்குப் பதில் வரியில்லா உதவித்தொகை தருகின்றன. கையில் வரும் தொகை நெருக்கமாகவே இருந்தாலும், அது வேலை ஆகாது. ஓய்வூதியச் சேமிப்பும், நோய்க்காலத்தில் சம்பளமும் பணியாளருக்குக் கிடைப்பதுபோலக் கிடைக்காது. குடும்பத்தோடு செல்பவர்கள், குறிப்பாகக் குழந்தை பெறத் திட்டமிடுபவர்கள், இரண்டும் கிடைக்கும் நிலையில் பணி நியமனத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இறுதிப் படி: நியமன ஆணையும் குடியிருப்பு அனுமதியும்

ஸ்வீடனின் முனைவர் நியமன ஆணையில் காலம் ஓராண்டு என்று மட்டும் இருப்பதைப் பார்த்துப் பலர் பதறிவிடுகிறார்கள். சட்டப்படி முதல் நியமனம் ஓராண்டுக்கு மேற்படக் கூடாது. அதன் பிறகு ஒவ்வொரு முறையும் இரண்டாண்டு வரை நீட்டிப்பார்கள். படிப்புக்கான சேர்க்கை முழுக்காலத்திற்கும் உரியது. ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் உங்கள் தனிப் படிப்புத் திட்டத்தில் முழுக்கால அட்டவணையும் இருக்கும். கையெழுத்திடும் முன் சம்பளப் படிநிலையையும், துறைப் பணியின் விழுக்காட்டையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஐயம் இருந்தால் விளம்பரத்தின் அடியில் தொழிற்சங்கப் பிரதிநிதிகளின் பெயர்கள் இருக்கும். வேலையில் சேராதவரும் அவர்களிடம் கேட்கலாம்.

ஆணை கைக்கு வந்த அன்றே இரண்டு வேலைகளைத் தொடங்க வேண்டும். ஒன்று வீடு: ஸ்டாக்ஹோம், லுண்ட், ஓஸ்லோ, கோபன்ஹேகன் ஆகிய நகரங்களில் வாடகை வீடு கிடைப்பது கடினம் என்பதால், பல்கலைக்கழகத்தின் வீட்டு உதவிப் பிரிவில் உடனே பதிவு செய்யுங்கள். மற்றொன்று குடியிருப்பு அனுமதி: ஸ்வீடனுக்குக் குடிபெயர்வு முகமையிலும், நார்வேக்கு 'யு.டி.ஐ.' என்ற குடிவரவு இயக்ககத்திலும், டென்மார்க்கிற்கு 'சிரி' என்ற முகமையிலும் இணையவழி விண்ணப்பிக்க வேண்டும். துணைவரும் குழந்தைகளும் உடன் வருவதாக இருந்தால் சேர்த்தே விண்ணப்பித்துவிடலாம். வாரங்களிலிருந்து மாதங்கள் வரை ஆகும் என்பதால், அனுமதி கிடைக்கும் வரை இப்போதைய வேலையை விட வேண்டாம். சேரும் தேதியைத் தள்ளிவைக்கச் சொன்னால் பல்கலைக்கழகம் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். விண்ணப்பிக்கும் முன் கடவுச்சீட்டை எடுத்து அதன் காலாவதித் தேதியைப் பாருங்கள். ஸ்வீடன் கடவுச்சீட்டின் காலத்தைத் தாண்டி அனுமதி தருவதில்லை. இன்னும் பதினான்கு மாதமே மிச்சமிருந்தால், அதை முதலில் புதுப்பித்துவிட்டுப் புதிய எண்ணோடு விண்ணப்பியுங்கள்.